சந்தா நூலும் தமிழ் நாவலும்

நாவலைத் திறனாய்வோர் கதைக்கரு, பாத்திரப் படைப்பு, நடை என்பனவற்றை ஆராய்வர். அந்நாவல் படிப்போரின் கைக்கு எவ்வழியாக வந்து சேர்ந்தது என்பதை வணிகர் பார்த்துக்கொள்ள வேண்டிய செய்தி என்று ஒதுக்கிவிடுவர். அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது என்பது என் கருத்து. வார இதழில் வெளிவந்த தொடர்கதை வாரத்திற்கு ஒரு திருப்பத்தைக் கேட்டது. மாத நாவல் ஒரு பயணத்திற்குள் படித்து முடிக்கத்தக்க அளவைக் கேட்டது. எழுத்தாளர் அக்கேள்விகளுக்கு இணங்கியும் பிணங்கியும் எழுதினர். நூல் வந்து சேரும் வழி நூலின் உடலையும் ஓரளவு வடிக்கின்றது.

இன்று தமிழ் நூல்கள் நம்மை வந்தடையும் வழிகளுள் மாதச் சந்தாவும் ஒன்றாகிவிட்டது. அமேசான் நிறுவனம் 'கின்டில் அன்லிமிடெட்' என்னும் சந்தாத் திட்டத்தை 2014 ஜூலையில் அமெரிக்காவிலும், 2015இல் இந்தியாவிலும் தொடங்கியது. 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளின் நூல்கள் அதன் கின்டில் கடையில் முறையாக இடம்பெற்றன. ஒலிநூலுக்கென 2005இல் சுவீடனில் தோன்றிய 'ஸ்டோரிடெல்' 2017இல் இந்தியாவுக்கு வந்தது. பின்னர்த் தமிழ் ஒலிநூல்களையும் தன் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. திங்கள்தோறும் ஒரு தொகை செலுத்தினால் பட்டியலில் உள்ள நூல்களை விரும்பியவாறு படிக்கலாம், கேட்கலாம். தொகை நின்றால் நூல்களும் நின்றுவிடும். வாங்குவது நூலன்று, நூலகத்தினுள் நுழையும் உரிமையே.

இதனைப் புத்தம் புதிய ஏற்பாடு என்று வியப்போரும் உளர், வெருள்வோரும் உளர். இரண்டுக்கும் இடமில்லை. நம் மண்ணிலேயே சந்தா நூலகம் மிகப் பழையது. 1817இல் பினாங்கிலும், 1845இல் சிங்கப்பூரிலும் ஆங்கிலேயர் திறந்த நூலகங்கள் சந்தா செலுத்தியோருக்கே உரியனவாக இருந்தன. சிங்கப்பூரில் அவ்வாறு திறந்த நூலகத்தை அரசு 1874இல் ஏற்று ராபிள்ஸ் நூலகம் எனப் பெயரிட்டது. ஆயினும் திறனாய்வாளருக்குப் பாடமாகத்தக்க சந்தா நூலகம் இலண்டன் மாநகரில் இருந்தது. சார்லஸ் எட்வர்ட் மூடி என்பார் 1842இல் நூல்களை வாடகைக்கு விடத் தொடங்கினார். ஆண்டுச் சந்தா ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். அந்நாளில் மூன்று பாகங்களாக வெளிவந்த புதிய நாவலின் விலையோ முப்பத்தொன்றரை ஷில்லிங். ஒரே ஒரு நாவலின் விலையைவிட ஓராண்டுச் சந்தா குறைவு என்றால் நாவலை விலைகொடுத்து வாங்குவோர் எத்தனை பேர் இருந்திருப்பர்? ஒரு கினி செலுத்தியவருக்கு ஒரு நேரத்தில் ஒரு பாகமே தரப்படும். ஆகவே மூன்று பாகங்களாகப் பிரிந்த ஒரே நாவல், ஒரே சமயத்தில் மூன்று வீடுகளில் இருக்கும். மூடிக்கு அது மும்மடங்கு பயன். பதிப்பாளருக்கோ பெருந்தொகையாக நூல் வாங்கும் வாடிக்கையாளர் மூடி.

இதன் விளைவு யாது? இரண்டு பாகங்களில் முடியத்தக்க கதை மூன்றாம் பாகத்திற்கென இழுக்கப்பட்டது. கிளைக்கதைகள் முளைத்தன. உரையாடல்கள் ஒற்றைச் சொல் வரிகளாகிப் பக்கங்களை நிரப்பின. விக்டோரியா காலத்து ஆங்கில நாவலின் பருமனை அக்காலத்து மக்களின் ஓய்வு நேரத்தைக் கொண்டு விளக்குவோர் உண்டு. நூலகத்தின் கணக்கேட்டைக் கொண்டும் விளக்க வேண்டும். குடும்பத்தார்க்கு ஒவ்வாதது என்று மூடி கருதிய நூல் அவருடைய அடுக்கில் ஏறாது. இதனை எதிர்த்து ஜார்ஜ் மூர் என்னும் நாவலாசிரியர் 1885இல் ஒரு சிறுநூலே எழுதி வெளியிட்டார். 1894இல் மூடி நூலகமும் டபிள்யூ. எச். ஸ்மித் நூலகமும் மூன்று பாக நாவலுக்கு இனி அவ்விலை தருவதற்கில்லை என்று அறிவித்தன. அதன்பின் சில ஆண்டுகளுக்குள்ளாகவே மூன்று பாக நாவல் மறைந்தது. ஓர் இலக்கிய வடிவம் அழகியல் காரணத்தால் அன்றிச் சந்தாக் காரணத்தால் தழைத்து, சந்தாக் காரணத்தாலேயே பட்டுப்போன வரலாறு இது.

இனி நம் காலத்துக்கு வருவோம். கின்டில் அன்லிமிடெட் திட்டத்தில் தாமே வெளியிடும் எழுத்தாளருக்குத் தொடக்கத்தில் பணம் அளந்த முறை இது: சந்தாதாரர் ஒருவர் நூலில் பத்து விழுக்காட்டைக் கடந்தால் எழுத்தாளருக்கு ஒரு பங்கு சேரும். நூல் முப்பது பக்கமாயினும் முந்நூறு பக்கமாயினும் பங்கு ஒன்றே. முப்பது பக்க நூலில் பத்து விழுக்காடு மூன்றே பக்கம் அல்லவா? ஆகவே சிறுநூல்கள் பெருகின. ஒரு கதை பல துண்டுகளாக வெட்டப்பட்டுத் தனித்தனி நூலாயிற்று. 2015 ஜூலையில் நிறுவனம் முறையை மாற்றிற்று. படிக்கப்பட்ட பக்கத்தின் எண்ணிக்கைக்கேற்பப் பணம் என்றாயிற்று. உடனே நூல்கள் நீண்டன. நூலின் முகப்பிலேயே கடைசிப் பக்கத்திற்குத் தாவும் இணைப்பு ஒன்றை வைத்து, இடையிலுள்ள பக்கங்களையெல்லாம் படித்ததாகக் கணக்குக் காட்டிய புரட்டர்களும் தோன்றினர். அளவுகோல் மாறியதும் இலக்கியத்தின் நீள அகலம் மாறிவிட்டது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. ஒரு பக்கத்திற்கு எவ்வளவு என்பதோ, திங்கள் முடிந்தபின் நிறுவனம் ஒதுக்கும் பொதுத்தொகையைப் பொறுத்தது. மூடியாவது இன்ன நூலுக்கு இன்ன விலை என்று முன்னரே சொல்லி வாங்கினார்!

மற்றொரு நிகழ்ச்சியும் கருதத்தக்கது. 'ஸ்கிரிப்ட்' என்னும் அமெரிக்கச் சந்தா நிறுவனம் 2015இல் தன் பட்டியலிலிருந்து காதல் நாவல்கள் பலவற்றை நீக்கிவிட்டது. அவற்றை யாரும் படிக்கவில்லை என்பதனால் அன்று. மிகுதியாகப் படித்தனர் என்பதனால். படிக்கப்பட்ட ஒவ்வொரு நூலுக்கும் பதிப்பாளருக்குப் பணம் கொடுக்க வேண்டும். வாசகரிடம் பெறுவதோ ஒரே சந்தா. ஆர்வம் மிக்க வாசகர் நிறுவனத்துக்கு நட்டமானார். நூலகம் என்று நாம் அழைப்பது வாசகர் மிகுதியாகப் படித்தால் மகிழும் இடத்தையே. சந்தா நிறுவனமோ அவ்வாறு மகிழ இயலாத அமைப்பு. சந்தா கட்டிவிட்டு நூலைத் தொடாதவரே அதற்கு நல்ல வாடிக்கையாளர்.

தமிழ் நாவல் இத்தகைய அளவுகோலுக்குள் நுழையும்போது என்ன நேரும்? பக்கக் கணக்கு, வாசகர் நூலை எங்கே கைவிட்டார் என்பதையும் காட்டிக் கொடுக்கும். எனவே முதல் இயலிலேயே சிக்கல் முளைக்க வேண்டும்; ஊரை விரித்துரைக்கும் பகுதி சுருங்க வேண்டும்; இயலின் இறுதியில் கதவு தட்டப்பட வேண்டும். குடும்ப நாவலும் துப்பறியும் நாவலும் இவ்வியல்பினை முன்னரே கைவரப்பெற்றவை. ஆகவே அவை சந்தாப் பட்டியலில் எளிதில் வாழும். தோட்டப்புறத்துக் காலைப்பொழுதை நிதானமாகக் காட்டித் தொடங்கும் நாவல் அங்கே தடுமாறும். இதனால் அது தாழ்ந்த நாவல் ஆகிவிடாது. வேறோர் அளவுகோலுக்கு எழுதப்பட்ட நாவல், அவ்வளவே.

"வார இதழ்த் தொடர்கதைக்கும் இதே குறை உண்டே, அதிலிருந்து நல்ல நாவல்கள் பிறக்கவில்லையா?" என்று கேட்கலாம். கேள்வி நேரியது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த தொடரே. வாரத் திருப்பத்தின் கட்டாயம் அதன் ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் தெரிகின்றது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வார இதழுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். கதை மெல்லச் செல்லட்டும் என்று பொறுக்கவும், இது பொருந்தாது என்று திருப்பியனுப்பவும் அவருக்கு மனம் என்று ஒன்று இருந்தது. அவரோடு வழக்காடலாம்; வாசகர் கடிதம் எழுதலாம். எண்ணிக்கையோடு வழக்காட இயலாது. மேலும் தொடர்கதை வாசகர் ஒரு வாரம் காத்திருந்தார். அக்காத்திருப்பில் வீட்டாரும் அண்டை அயலாரும் கதையைப் பேசினர். இன்று அடுத்த நூல் அடுத்த நொடியில் திறக்கின்றது. பேசுவதற்கு இடைவெளி ஏது?

அச்சுலகம் நீதி வழுவாதது என்று இதனால் நான் சொல்ல வரவில்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' பதிப்பாளர் கிடைக்காமல் பல ஆண்டுகள் காத்துக் கிடந்து 1972இல்தான் நூலாயிற்று. தென்கிழக்காசியத் தமிழர் வாழ்வைத் தமிழில் இத்துணை வீச்சோடு காட்டிய நாவல் பிறிதொன்று இல்லை எனலாம். அதற்கும் அச்சகத்தின் வாயில் எளிதில் திறக்கவில்லை. இன்றாயின் அவர் தாமே மின்னூலாக வெளியிட்டிருக்கலாம். அந்த அளவில் புதிய வழி எழுத்தாளருக்கு விடுதலையே. ஆனால் வெளியிட்ட பின்னர் முப்பதாம் பக்கத்திற்கு மேல் செல்லாத வாசகரின் எண்ணிக்கையைப் பார்த்து, அடுத்த நாவலை அவர் எவ்வாறு எழுதியிருப்பார் என்பதும் எண்ணத்தக்கது.

ஒலிநூலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ் ஆசிரியர்க்கு இஃது அண்மையில் உள்ள சிக்கல். செவியால் கற்றல் தமிழர்க்குப் புதிதன்று. திருவள்ளுவர் கல்வியையும் கல்லாமையையும் அடுத்துக் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். கதாகாலட்சேபமும் வில்லுப்பாட்டும் எழுத்தறியாதாரையும் இலக்கியம் அறிந்தோராக்கின. கண்பார்வை குன்றிய முதியோருக்கும், நாள்தோறும் இரண்டு மணிநேரம் வண்டியோட்டும் தொழிலாளருக்கும் ஒலிநூல் பேருதவி. இதனை இகழ்வது அறியாமை.

ஆயினும் தமிழ் உரைநடை நாவலைக் குரலாக்குவதில் நம் மொழிக்கே உரிய இடர் ஒன்று உண்டு. எழுத்துத் தமிழ் வேறு, பேச்சுத் தமிழ் வேறு. கதைகூறல் செந்தமிழிலும் உரையாடல் வட்டார வழக்கிலும் அமைந்த நாவலைப் படிக்கும்போது நம் மனத்துக்குள் இரு குரல்கள் தாமே பிரிகின்றன. ஒலிநூலிலோ ஒரே குரல் இரண்டையும் தாங்க வேண்டும். அக்குரல் சென்னைக்கு உரியதாயின் ஈப்போவின் கங்காணியும் சென்னைத் தமிழ் பேசத் தொடங்கிவிடுகின்றார். எழுத்தாளர் எழுதிய சொல் மாறவில்லை, மாந்தர் மாறிவிட்டார்.

எழுத்திலக்கணம் கற்பிப்போர் உடனே உணரத்தக்க ஒரு நுட்பம் இதில் உண்டு. தமிழெழுத்து வல்லின ஒலிகளின் வேறுபாட்டை வரிவடிவில் காட்டாது. இடம்நோக்கி ஒலிக்க வேண்டும். தமிழ்ச் சொல்லுக்கு இம்முறை போதும். 'ஜொகூர்', 'பகாங்' என்று நாம் எழுதும் பெயர்களில் ககரம் ஹகரமாய் ஒலிக்க வேண்டும் என்பது இந்நாட்டுப் பிள்ளைக்குச் சொல்லாமலே தெரியும். எங்கோ ஒலிப்பதிவு அறையில் அமர்ந்து படிப்பவருக்குத் தெரியாது. 'கம்போங்' என்பதில் மெல்லினத்தை அடுத்து வந்த பகரத்தைத் தமிழ் முறைப்படி மெலித்து ஒலிப்பதா, மலாய் முறைப்படி வல்லொலியாகவே ஒலிப்பதா? எழுத்து விடை சொல்லாது. அம்மண்ணில் வாழ்ந்த நாக்குத்தான் சொல்லும். சிங்காரத்தின் நாவல் மெடானிலும் பினாங்கிலும் நடப்பது. வட்டிக்கடைத் தமிழும், மலாய்ச் சொற்களும், பழந்தமிழ் நடையை எள்ளலாகப் போலச் செய்யும் பகுதிகளும் அதில் அடுத்தடுத்து வரும். பாண்டியனின் மனவோட்டம் அறிவிப்பின்றிப் புறநிகழ்வோடு கலக்கும். பினாங்கில் நண்பர்கள் தமிழரின் பழம்பெருமை பற்றி வாதிடும் பகுதியில், எவ்வரி எள்ளல், எவ்வரி உண்மையான ஏக்கம் என்று படிப்போர் நின்று திரும்பிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். குரல் அம்முடிவை நமக்காக முன்னரே செய்துவிடும். படிப்பவரின் குரலில் ஒரு நகைப்பு ஏறினால் ஏக்கம் தொலைந்தது. ஒலிநூல் என்பது ஒருவர் செய்த உரை. நச்சினார்க்கினியர் உரையை மூலம் என்று நாம் கொள்வதில்லை.

செயலியில் வேகத்தைக் கூட்டும் பொத்தானும் உண்டு. ஒன்றரை மடங்கு வேகத்தில் நாவலைக் கேட்டு முடித்ததாக மாணவர் பெருமைப்படுவர். கதை தெரிந்திருக்கும். நிறுத்தமும் நெடுமூச்சும் நடையின் உறுப்புகள் என்று தெரிந்திருக்குமா? கதைச் சுருக்கம் கேட்கும் வினாவிற்கு இக்கேள்வி போதும். நடைநயம் கேட்கும் வினாவிற்குப் போதாது. எஸ்.பி.எம். தமிழ் இலக்கியத்திற்கென நாவல் படிக்கும் மாணவரிடம், முதலிற் படித்துப் பின்னர்க் கேட்குமாறு சொல்வதே தக்கது. அவ்வாறு கேட்டவர், குரல் எங்கே தம் வாசிப்போடு முரண்பட்டது என்று குறித்து வருவாராயின் அதுவே சிறந்த திறனாய்வுப் பயிற்சி. ஸ்டோரிடெல் நிறுவனம் செவிக்கென்றே தொடர்களை எழுதுவித்து வெளியிடுகின்றது. அவற்றை வானொலி நாடகத்தின் வழித்தோன்றல்களாகக் கொண்டு தனியே மதிப்பிட வேண்டும். நாவலின் அளவுகோல் அவற்றுக்குப் பொருந்தாது.

உடைமை பற்றியும் ஒரு சொல். 2009 ஜூலையில் அமேசான், உரிமையில்லாதவர் விற்ற பதிப்பு என்று கண்டறிந்ததும், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நூல்களை வாங்கியோரின் கருவிகளிலிருந்தே அழித்தது. அரசு பழைய பதிவுகளை அழிப்பதைக் கூறும் '1984' அவற்றுள் ஒன்று என்பது வேடிக்கை. மைக்ரோசாப்ட் 2019இல் தன் மின்னூற் கடையை மூடியபோது பணத்தைத் திருப்பித் தந்தது; நூல்கள் மறைந்தன. இவை விலை கொடுத்து வாங்கிய நூல்களுக்கு நேர்ந்தவை. சந்தா நூலுக்கு அந்தப் பணம் திரும்பும் வழியும் இல்லை. ஆய்வு மாணவர்க்கு இது வெறும் மனக்குறையன்று. சென்ற ஆண்டு மேற்கோள் காட்டிய பதிப்பு இவ்வாண்டு பட்டியலில் இல்லையெனில் மேற்கோளைச் சரிபார்ப்பது எவ்வாறு? கல்கியின் நூல்கள் நாட்டுடைமையானவை, எவரும் வெளியிடலாம். ஆகவே மின்கடைகளில் பல பதிப்புகள் உலவுகின்றன. பலவற்றில் எந்த அச்சுப்பதிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்தனர் என்ற குறிப்பே இராது. ஏட்டுச் சுவடிகளின் பாட வேறுபாட்டைக் களைய உ.வே.சா. பட்ட பாட்டைப் போற்றும் நாம், நம் காலத்து நாவலுக்கே பாட வேறுபாட்டைப் பரிசாகப் பெற்றிருக்கின்றோம்.

பொதுமக்களுக்கென நடக்கும் முயற்சிகள் இவ்வகையில் மதிப்புடையன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், எந்தப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்றும் யார் தட்டெழுதினர் என்றும் குறிப்பிடும் வழக்கத்தைக் கைக்கொண்டது. சிங்கப்பூரில் 1965 முதல் 2015 வரை வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் மின்மயமாக்கித் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைத்தனர். அவ்வாரியம் 'லிப்பி' செயலி வழி மின்னூல்களை இரவலாகவும் தருகின்றது. நூல் குறித்த நாளில் தானே திரும்பிவிடும்; ஒருவர் எடுத்திருந்தால் மற்றவர் வரிசையில் நிற்கவும் நேரும். ஆயினும் கட்டணம் நின்றதனால் கதவு மூடாது.

நம் எழுத்தாளர் சிலர் தம் நூல்களைச் சந்தாத் திட்டத்தில் சேர்க்க விரும்புவது இயல்பே. சிறு பதிப்பாக அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் விற்றது போக எஞ்சியதை வீட்டில் அடுக்கி வைத்திருப்பவருக்கு அது பெருவாயிலாகத் தோன்றும். சேருமுன் ஒப்பந்தத்தின் ஒரு விதியைப் படித்தல் நலம். தாமே வெளியிடும் எழுத்தாளர் கின்டில் திட்டத்தில் சேர்ந்தால், 90 நாளுக்கு அந்நூலின் மின்வடிவத்தை வேறு மின்கடையிலோ தம் சொந்தத் தளத்திலோ தரலாகாது. அக்காலம் முடிந்ததும் நீங்கள் விலகாவிடில் தானே புதுப்பிக்கப்படும். அச்சு நூலுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. எனவே பள்ளி ஒன்று நூலின் மின்வடிவை வகுப்பிற்குக் கேட்டால், கொடுக்கும் உரிமை எழுத்தாளரிடமே இல்லாமற் போகலாம்.

ஒலிநூலுக்கு நம் குரல்கள் இல்லையே என்று முன்னர்ச் சொன்னதற்கு விடையும் நம்மிடமே உண்டு. மலேசிய, சிங்கப்பூர் வானொலிகள் தமிழ் நாடகத்துக்கெனக் குரல்களைப் பயிற்றி வளர்த்தன. நாவலாசிரியர் ரெ. கார்த்திகேசுவே வானொலியில் பணியாற்றிப் பின் பல்கலைக்கழகத்திற்குச் சென்றவர். அவருடைய 'வானத்து வேலிகள்', ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற நாவல்களை ஜொகூரை ஜொகூராகவே ஒலிக்கத் தெரிந்தவர்கள் படித்துப் பதிவு செய்ய வேண்டுமாயின், உரிமையாளரின் ஒப்புதலும் அமைதியான ஓர் அறையும் ஒரு நல்ல ஒலிவாங்கியும் வேண்டும். மின்னல் எப்.எம்., ஒலி 96.8 ஆகியவற்றின் மூத்த குரல்கள் பல இன்றும் நம்மிடையே இருக்கின்றன.